சாவு வீட்டு வாசலிலிருந்து

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்து ஊர்களில் கூத்தாடிப் பிழைக்கும் குடும்பங்கள் நாங்கள். இன்று ஓர் இயக்கமாகச் சேர்ந்திருக்கிறோம். ஏன் சேர்ந்தோம், என்ன செய்யப் போகிறோம் என்பதை ஊரறியச் சொல்லவே இந்தப் பிரகடனம்.

கெட்ட காலம் வந்தால் கலையை மூட்டை கட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கமே இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு இரவிரவாகப் பாரதக் கூத்து நடத்தும் அதே ஊர், ஒரு வீட்டில் பெரியவர் போய்விட்டால் காரியத்தையொட்டிக் கர்ண மோட்சம் கூத்து வைக்கும். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போருக்குப் புறப்படுவான். விடியும் நேரத்தில் குந்தி மகனை மடியில் கிடத்தி அழுவாள். அதுவரை கல்லாக இறுகிக் கிடந்த மகளோ மனைவியோ அந்த இடத்தில் வாய்விட்டு அழுவதை எங்களில் பார்க்காதவர் இல்லை. பிறகு எழுந்து முகம் கழுவி, பிள்ளைகளுக்குக் காப்பி போடப் போவார்கள்.

2020 பங்குனியில் கூத்து நின்றது. கூத்துக்காரன் வீட்டில் மாசியிலிருந்து ஆடி வரை சம்பாதிப்பதுதான் மீதி மாதங்களுக்கும் சோறு போடும். மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு. திருவிழாக்கள் ஒவ்வொன்றாக நின்றன. வாங்கியிருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள். அது ஏற்கெனவே அரிசியும் பருப்புமாகக் கரைந்திருந்தது. மறு வருடம் சித்திரையில் மறுபடியும் அதே கதை. ஆர்மோனியக்காரர் செங்கல் சூளைக்குப் போனார். துரியோதனன் வேஷம் கட்டுபவர் காய்கறி வண்டி தள்ளினார். எந்த வேலையும் எங்களுக்கு இழிவில்லை. "சோத்துக்கே வழியில்லாதப்ப கூத்து ஒண்ணுதான் கேடா?" என்று கேட்டார்களே, அதுதான் வலித்தது. இந்த இயக்கம் அந்தக் கேள்விக்கு எங்கள் பதில்.

இதை எழுதும் என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊரடங்குக் காலத்தில் ஓர் ஆனி மாதம், பக்கத்துத் தெருவில் ஒருவர் இறந்தார். கூட்டம் கூடக் கூடாது, கூத்து வைக்க முடியாது. அவர் மனைவி எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவிடம் கேட்டார்: "கர்ண மோட்சம் வெக்காம அவர எப்படிண்ணா அனுப்பறது?"

அப்பா பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் வேஷம் கட்டாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போனார். மிருதங்கம் இல்லை, முகவீணை இல்லை. என் எட்டு வயது மகன் தாளம் போட்டான். கேட்டவர்கள் ஏழு பேர். அப்பா கர்ணனைப் பாடினார். குந்தி வரும் இடத்தில் நின்றுவிட்டார். குந்தி கட்டுபவர் வேறு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கோ தொண்டை அடைத்துவிட்டது.

தூணோரம் நின்றிருந்த அம்மா எடுத்துப் பாடினார். முப்பது வருடமாக அவர் கூத்துக் களரியில் கால் வைத்ததில்லை. புளியங்கொட்டைப் பசை காய்ச்சி, கல்யாண முருங்கையில் செய்த புஜக்கட்டைகளில் உதிர்ந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஒட்டியவர். அடுப்படியில் இருந்தபடி அப்பாவின் ஒத்திகையைக் கேட்டவர். ஓர் அடி பிசகாமல் கடைசி வரை பாடினார். இறந்தவரின் மனைவி அன்றுதான் அழுதார்.

ஆகவே அறிவிக்கிறோம்.

எங்கள் முதல் களரி வீடு. புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தைக் காத்தது வீட்டுக்குள் கற்றுக்கொடுத்துத்தான். 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவின் நடிகர்களும் கண்ணப்பத் தம்பிரானிடம் கற்றார்கள். பேரன் தாத்தாவைப் பார்த்து அடவு வைக்கும் வீடு இருக்கும்வரை எந்த ஊரடங்காலும் கூத்தை அடைக்க முடியாது. வருமானம் உள்ள மாதமோ இல்லாத மாதமோ, எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு வைத்தபின் ஒரு மணி நேரம் பாட்டும் தாளமும் இருக்கும். கடன்காரன் வந்து போன நாளிலும் இருக்கும். அந்த நாளில்தான் அது எங்களுக்கு அதிகம் வேண்டும்.

எங்கள் பெண்கள் காதில் வாங்கி வைத்திருக்கும் பாட்டுகளை எழுதி எடுப்போம். துரியோதனன் வீழும் படுகளத்தில் காந்தாரி வைக்கும் ஒப்பாரி, எங்கள் பாட்டிகள் சாவு வீட்டில் வைத்த ஒப்பாரிதான். வீட்டிலிருந்து களரிக்குப் போன குரல் அது. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்களை இத்தனை காலம் திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தோம். அது எங்கள் தவறு. இனி விருப்பமுள்ள மகள் எந்த வேஷமும் கட்டுவாள். உடை தைப்பவரும் கட்டைகளுக்கு ஜிகினா ஒட்டுபவரும் கலைஞர்களே. அரசு தரும் கலைஞர் அட்டை அவர்கள் பெயரிலும் வர வேண்டும் என்று கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.

பணம் இல்லாத சாவு வீட்டுக்கும் போவோம். முழு ஜமா, அதாவது முழுக் குழுவும், வர முடியாவிட்டால் மூன்று பேர் போவோம். மூன்று பேர் இல்லையென்றால், பாடத் தெரிந்த ஒருவரும் தாளம் போட ஒரு பிள்ளையும்.

எங்களோடு சேரக் கூத்துக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. கோலம் போடுபவர், பானை வனைபவர், பிள்ளைக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பவர், யாரும் வரலாம்.

முதல் கூடுகை வரும் மாசிப் பௌர்ணமி இரவு, எங்கள் வீட்டுத் திண்ணையில். பாய் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. தாளம் வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். அம்மா குந்தியின் பாட்டை முதலிலிருந்து பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டில் எழுதிக்கொள்ள, வேகமாக எழுதும் இரண்டு பேர் வேண்டும்.