ஸ்டெர்லிங் வேறு, ஸ்டென் வேறு

“ஸ்டென் துப்பாக்கிக்கு மெருகு ஏற்றியதுதான் ஸ்டெர்லிங்; கான்பூரில் செய்த கார்பைனும் அதே தகரம்தான்” என்கிறார் பெரம்பலூர் நண்பர். ஒப்பவே முடியாது. ஸ்டென் அடிக்கடி மக்கர் செய்ததற்கு முதல் காரணம் அதன் மேகசின். இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் வாயருகே ஒற்றை வரிசையாக நெருக்கப்பட்டன. விளிம்பு சற்று நெளிந்தாலே அடைத்துக்கொள்ளும். ஸ்டெர்லிங்கை வடிவமைத்த ஜார்ஜ் பேட்செட் அந்த முறையைக் கைவிட்டு, 34 தோட்டா பிடிக்கும் வளைந்த மேகசினை உருளைகளோடு அமைத்தார். போல்ட்டின் மேல் சாய்வான வரிகளும் உண்டு. உள்ளே சேரும் அழுக்கை அவை வழித்துத் தள்ளும். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கப் புழுதியைப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும். பிரிட்டிஷ் ராணுவம் 1953இல் ஏற்ற இந்த வடிவமைப்பையே கான்பூரும் பின்பற்றியது. பழைய கார்பைன் சிக்கினால் முதலில் மேகசின் வில்லைக் கழற்றிப் பாருங்கள்.