கோழி கொடுத்தோம், சிப்பி கொடுத்தோமா?

கண்டியை அடுத்த மலைப்பகுதியில் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் திருப்பலி முடிந்ததும், ஒரு தாய் காணிக்கையாகக் கொண்டுவந்த முட்டைகளை நீட்டினார். இரண்டு கூடையிலேயே உடைந்திருந்தன. மூன்றாவதை நாம் எடுத்தபோது, விரல் பட்ட இடம் உள்ளே அமிழ்ந்தது. "சாமி, மண்சரிவோட வந்த தோஷம் கோழியையும் விடல்ல. தோல்முட்டையாத்தான் போடுது. வித்துடப் போறோம்" என்றார். குற்றம் தோஷத்தினுடையதுமல்ல, கோழியினுடையதுமல்ல. பெரும்பகுதி நம்முடையது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையாலும் மண்சரிவாலும் கண்டி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் தோட்டத்தையும் இழந்தன. நிலமில்லாதவர்களுக்கு உதவ முன்வரும் நம்மைப் போன்றோர் முதலில் நினைப்பது கோழியைத்தான். சிறிய இடம் போதும். அன்றாடம் தாயின் கையில் நாலு காசு புரளும். இது நல்ல எண்ணமே. ஆனால் நமது பட்டியலில் கோழி இருந்தது, கூடு இருந்தது, ஒரு மூட்டை தீன் இருந்தது. சிப்பி இருக்கவில்லை.

ஊரில் உங்கள் நாட்டுக்கோழி தோட்டமெங்கும் கிளறி நத்தையும் பூச்சியும் பொறுக்கித் தின்றது. கொஞ்சம் முட்டையிட்டு, அடைகாத்து, ஓய்வும் எடுத்துக்கொண்டது. நாம் கொடுத்ததோ வருடத்துக்கு முந்நூறு முட்டைவரை இடுவதற்கென உருவாக்கப்பட்ட இனம்; அதுவும் கூட்டுக்குள் அடைபட்டது. ஒரு முட்டைக் கோதில் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் இருக்கிறது. கோழியின் உடம்பு முழுவதிலும் உள்ள கல்சியமோ சுமார் 20 கிராம்தான். தின்பது அனைத்தும் உடம்பில் சேராதபடியால், நாளொன்றுக்கு 4 கிராம் அளவில் அது உட்கொள்ள வேண்டும்.

முட்டைக்கோழித் தீனில் இந்த அளவு கல்சியம் கலக்கப்பட்டே வருகிறது. அப்படியானால் குறை எங்கே வந்தது? மூட்டை தீரும்போது வருகிறது. தீன் விலை தெரிந்தவர்கள் யாரும் அந்தத் தாயைக் குறைகூற மாட்டார்கள். 2021, 2022 ஆம் ஆண்டுகளில் சோளத்துக்கும் தீனுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டில் கோழிப்பண்ணைக்காரர்களே தொழிலைக் கைவிட்டு, 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கவேண்டி வந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே பாதித் தீனுக்குப் பாதி தவிடும் தேங்காய்ப்பூவும் கலக்கிறார்கள். வயிறு நிறைகிறது, ஆனால் 4 கிராம் 2 கிராமாகிவிடுகிறது. மீதியைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அது தீர்ந்ததும் தோல்முட்டை வருகிறது, கால் தளர்கிறது, கோழி எழும்ப முடியாமல் கிடக்கிறது.

இதற்கு வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பவர்கள் பலர். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கோழி ஒரு நாளில் குடிப்பதில் கால் கிராம் கல்சியம்கூடக் கிடைக்காது. கலங்கலாக வைத்தால் வாயும் குடலும் வெந்துபோகும்.

இன்னும் கவலைக்குரியது, தேயிலைக்குப் போடும் டொலமைற் தூளைத் தீனில் கலப்பது. "அதுவும் சுண்ணாம்புதானே சாமி, தோட்டத்தில் சும்மா கிடைக்குது" என்கிறார்கள். கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் பெரும்பகுதி டொலமைற்தான். தேயிலை மண்ணுக்கு அது நல்லது, கோழிக்கு ஆகாது. அதிலுள்ள மக்னீசியம் கழிச்சலை உண்டாக்கி, கோதை மேலும் கெடுக்கும். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இங்கு வந்தவர்கள் ஊரில் கண்ட சுண்ணாம்புக்கல் வேறு; அதை நினைத்து இதைப் போட்டு ஏமாறவேண்டாம்.

வேண்டியது கடற்சிப்பி. மாவாக அல்ல, நெல்மணி அளவுக்கு நொறுக்கியதாக. கோது பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. சிறு துண்டுகள் இரைப்பையில் தங்கி, விடியும்வரை மெதுவாகக் கரையும். மாவோ சீக்கிரம் கடந்துபோய்விடும். கலப்புத் தீன் தின்னும் ஒரு கோழிக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் வரை போதும். பத்துக் கோழிக்கு மாதம் ஒன்றரைக் கிலோ. தீனில் கலக்காமல் தனிச் சிரட்டையில் பின்னேரத்தில் வையுங்கள். தேவைப்படும் கோழி தானே கொத்தும். முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளுக்குக் கொடுக்கவேண்டாம், சிறுநீரகம் பழுதடையும். சிப்பி கிடைக்கும்வரை வீட்டு முட்டைக் கோதுகளைக் கழுவி, சட்டியில் நன்றாக வறுத்து, அடையாளம் தெரியாதபடி நொறுக்கிக் கொடுக்கலாம். முழுசாகப் போட்டால் கோழி தன் முட்டையையே உடைத்துக் குடிக்கப் பழகும்.

எல்லாக் கோதுக் கோளாறும் கல்சியக் குறைவல்ல. தகரக் கூரையின் கீழ் வெக்கையில் இளைக்கும் கோழியும், வயதான கோழியும் மெல்லிய கோதுடன் இடும். கூட்டமாக இருமலும் மூச்சிரைப்பும் கண்டு முட்டையும் திடீரெனக் குறைந்தால், சிப்பியை நம்பியிராமல் உங்கள் பிரிவின் மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே செல்லுங்கள்.

கண்டி மலைநாடு, சிப்பி புத்தளம், சிலாபம் போன்ற கரையோரங்களிலிருந்து வரவேண்டும். ஒரு குடும்பம் தனியே ஒன்றரைக் கிலோவுக்காக அலைய முடியாது. ஐம்பது குடும்பத்துக்கு ஒரு லொறியில் இரண்டு மூட்டை ஏற்றிவருவது பெரிய காரியமல்ல. கோழி விலையோடு ஒப்பிட்டால் செலவும் அற்பமே. ஆயினும் கோழி கொடுத்தால் படம் எடுக்கலாம், சிப்பியைக் கொடுத்து யார் படம் எடுப்பார்கள்?

அந்தத் தாயின் கோழிகள் இன்னும் விற்கப்படவில்லை. ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்டு, ஒரு சிறு பை சிப்பி கொடுத்திருக்கிறோம். அடுத்த உதவிப் பட்டியல் நமது மேசைக்கு வரும்போது கோழிக்குக் கீழே சிப்பி எழுதப்பட்டிராவிட்டால், நாம் அதில் கையொப்பமிடப் போவதில்லை. உங்கள் குடியிருப்புக்குக் கோழி கொண்டுவருபவர்களிடம் நீங்களும் கேளுங்கள்.