விலைப்பட்டியலின் கடைசி வரி

சொந்தமாக ஒரு கணினியை உருவாக்க விரும்பும் சிங்கப்பூர் இளையர், ஒரு நாளாவது சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்தின் மாடிகளில் ஏறி இறங்கியிருப்பார். ரோச்சோர் பகுதியில் இருக்கும் அந்தக் கடைத்தொகுதியில் கணினியின் உறுப்புகளைத் தனித்தனியாக விற்கும் கடைகள் உள்ளன. முன்பெல்லாம் அக்கடைகள் விலைப்பட்டியலைத் தாளில் அச்சிட்டு வாசலில் வைத்திருக்கும். என் தலைமுறையினர் அந்தத் தாளை வாங்கி, பேனாவால் வட்டமிட்டு, கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். இன்று அதே கணக்கைக் கைப்பேசியில் போட்டுவிடலாம். ஆனால், பட்டியலைப் படிக்கும் முறை மட்டும் மாறவில்லை. அன்றும் இன்றும் மேலிருந்து கீழாகவே படிக்கிறோம்.

பட்டியலின் மேலே மையச் செயலி இருக்கும். அதற்கடுத்து மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை, ரேம், கிராபிக்ஸ் கார்டு என்று கடைக்காரர்கள் சொல்லும் வரைகலை அட்டை ஆகியவை வரும். பெட்டி, குளிர்விப்பான், மின்வழங்கி ஆகியவை பெரும்பாலும் அடியில் கிடக்கும். மேலே உள்ளவற்றுக்கே பணம் கரைந்துவிடுவதால், கடைசி வரிக்கு வரும்போது, "மிச்சம் எவ்வளவு இருக்கிறதோ அதற்குள் ஏதாவது ஒன்று" என்ற நிலை ஏற்படுகிறது. உயர்செயல்திறன் கணினியை உருவாக்க நினைப்பவர் இந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடத்திற்காக இத்தகைய மேசைக்கணினி எவருக்கும் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஏற்கெனவே கற்றல் சாதனம் இருக்கிறது. கட்டுரை எழுதவும் இணையத்தில் தகவல் தேடவும் அதுவே போதும். "படிப்புக்காகத்தான், அம்மா" என்று சொல்லிப் பணம் கேட்க நினைப்பவர்கள், இந்தப் பாடத்தைப் பெற்றோரும் படிக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளவும்! ஆனால், குறும்படத்தைத் தொகுப்பவருக்கும், முப்பரிமாண உருவங்களை வடிவமைப்பவருக்கும், காட்சிகள் நிறைந்த கணினி விளையாட்டை விளையாடுபவருக்கும் அந்தச் சாதனம் ஈடுகொடுக்காது. விளையாட்டையும் நான் மறைக்காமல் சேர்த்துக்கொள்கிறேன். இளையர் பலரின் ஆசை அங்கேதான் தொடங்குகிறது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சாதாரண நிலைத் தேர்வை எழுதி முடித்த ஒரு மாணவி, ஓர் உணவகத்தில் பகுதிநேர வேலை செய்து 2,500 வெள்ளி சேர்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசை துடைத்து, தட்டுகளை அடுக்கி, கால் வலிக்க நின்று சம்பாதித்த பணம் அது. அதில் ஏறக்குறைய 206 வெள்ளி, 9 விழுக்காடு பொருள், சேவை வரியாகவே போய்விடும். எஞ்சியதில் பாதிக்கு மேல் வரைகலை அட்டைக்குக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? விளம்பரங்களும் நண்பர்களும் அவருக்குச் சொல்லும் யோசனை பெரும்பாலும் அதுதான்.

அவர் எடுத்த குறும்படத்தைக் கணினி முழு வடிவில் ஆக்கித் தருவதற்கு 60 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். அதில் 20 நிமிடம் வரைகலை அட்டையின் வேலை. மீதி 40 நிமிடம் மையச் செயலியும் ரேமும் சேமிப்பகமும் செய்யும் வேலை. இப்போது இருமடங்கு வேகமுள்ள வரைகலை அட்டையை வாங்குகிறார். 20 நிமிடம் 10 நிமிடமாகக் குறைகிறது. மொத்த நேரமோ 50 நிமிடம்! கண் இமைக்கும் நேரத்தில் தன் வேலையை முடிக்கும் அட்டை ஒன்று கிடைத்தாலும், அந்த 40 நிமிடம் அப்படியே இருக்கும். ஐபிஎம் நிறுவனத்தில் கணினிகளை வடிவமைத்த ஜீன் ஆம்டால், 1967ஆம் ஆண்டிலேயே இந்த எல்லையை எடுத்துச் சொன்னார். கணினித் துறையில் இன்றும் இது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆகவே, "எது சிறந்த உறுப்பு?" என்று கேட்பதைவிட, "என் வேலையில் எது என்னைக் காக்க வைக்கிறது?" என்று கேட்பதே பொருத்தம்.

விளையாட்டுக்கும் இது பொருந்தும். அங்கே நம்மைக் கட்டுப்படுத்துவது பல வேளைகளில் திரைதான். வழக்கமான 1920 x 1080 திரையில் ஏறக்குறைய 2.07 மில்லியன் படப்புள்ளிகள் உள்ளன. 4கே எனப்படும் 3840 x 2160 திரையில் அதைப் போல நான்கு மடங்கு. பெரிய திரைக்குப் பெரிய அட்டை தேவைப்படுவது இதனால்தான். வீட்டில் இருப்பதோ நொடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொள்ளும் பழைய 1080 திரை என்றால், அட்டை நொடிக்கு 200 படங்களை உருவாக்கினாலும் திரை 60 முறைதான் மாறும். போட்டி விளையாட்டுகளில் கையசைவுக்கும் காட்சிக்கும் இடையிலான தாமதம் சற்றுக் குறையும் என்பது உண்மை. அந்தச் சிறு பயனுக்காக உணவகத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதை அந்த மாணவிதான் முடிவு செய்ய வேண்டும்.

இனி, கடைசி வரிக்கு வருவோம். பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி, நம் வீட்டுச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை, உறுப்புகளுக்கு ஏற்ற 12 வோல்ட் போன்ற தாழ்ந்த அழுத்த நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருகிறது. அது எந்தக் காட்சியையும் அழகாக்காது. எந்தக் கணக்கையும் வேகமாகப் போடாது. அதைக் காட்டி நண்பர்களிடம் பெருமை பேசியவர் எவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. ஆனால், தேருக்கு அச்சாணி போன்றது அது. தரமான மின்வழங்கி, மின்னழுத்தம் எல்லை மீறும்போதும் மின்சுற்றுக் கோளாறு ஏற்படும்போதும் தானாகவே நின்று மற்ற உறுப்புகளைக் காக்கும். தரமற்றதோ பழுதடையும்போது தனியாகப் போகாமல், தாய்ப்பலகையையும் வரைகலை அட்டையையும் உடன் அழைத்துச் சென்றுவிடக்கூடும். 60 வெள்ளியை மிச்சப்படுத்த 1,000 வெள்ளிப் பொருளைப் பணயம் வைப்பதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

எவ்வளவு வாட் வேண்டும் என்பது கடினமான கணக்கன்று. வரைகலை அட்டைக்கு 300, மையச் செயலிக்கு 150, மற்றவற்றுக்கு 70 என்றால் கூட்டுத்தொகை 520 வாட். அதற்கு 550 வாட் மின்வழங்கி போதும் என்று தோன்றலாம். ஆனால், இன்றைய வரைகலை அட்டைகள் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குத் தம் வழக்கமான அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். அத்தகைய திடீர் ஏற்றத்தை மின்வழங்கி தாங்க வேண்டும் என்பதற்காகவே 2022ஆம் ஆண்டில் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் விதிகளை வகுத்தது. ஆகையால், 750 வாட் அளவில் வாங்குவதே அறிவுடைமை. இன்னொன்று: பெட்டியின் மேல் '80 பிளஸ் கோல்டு' என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். 2004ஆம் ஆண்டு தொடங்கிய அந்தச் சான்றிதழ், மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. உள்ளே இருக்கும் பாகங்கள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அது சொல்லாது. அதை அறிய உத்தரவாதக் காலத்தைப் பார்க்க வேண்டும். நல்ல மின்வழங்கிகள் சிலவற்றுக்கு 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள்.

விலை உயர்ந்த பொருளை வாங்கிவிட்டால் கவலையில்லை என்று நினைப்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டு ஒரு பாடம் கிடைத்தது. அவ்வாண்டு வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டை 450 வாட் மின்சாரத்தைப் பயன்படுத்தக்கூடியது. வாங்கியவர்கள் சிலரின் அட்டையில் மின்கம்பி இணையும் இடம் உருகிப்போனது. கம்பி முழுவதுமாகச் செருகப்படாததே பல நிகழ்வுகளில் காரணம் என்று பிறகு தெரியவந்தது. அந்த இணைப்பின் வடிவமைப்பையும் பலர் குறை கூறினார்கள். எப்படியாயினும், அன்று சந்தையில் இருந்த ஆக வேகமான அட்டைக்கு ஆபத்து வந்தது ஒரு சிறு கம்பி முனையில்தான்.

அடுத்தது வெப்பம். நம் ஊரில் வாழ்பவர்கள் இதைப் பற்றிக் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். கணினி உறுப்புகளைச் சோதித்துக் கருத்துரைக்கும் காணொளிகள் பலவும் குளிர்நாடுகளில், 21 அல்லது 22 பாகை செல்சியஸ் உள்ள அறைகளில் எடுக்கப்படுபவை. குளிரூட்டி இல்லாத ஒரு வீவக வீட்டு அறையில், பிற்பகல் நேரத்தில் 31 பாகை இருப்பது நமக்குப் புதிதன்று. அறையின் வெப்பம் 10 பாகை கூடினால், கணினிக்குள்ளும் ஏறக்குறைய அதே அளவு கூடும். காணொளியில் 80 பாகையில் நின்ற மையச் செயலி, நம் வீட்டில் 90ஐத் தொடும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைச் செயலிகள் பலவற்றுக்கு வரையறுக்கப்பட்ட உச்ச வெப்பநிலை 95 பாகை. உச்சத்தை எட்டியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகத்துக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் அப்போது வீண்தானே? ஆகவே, வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடி முகப்புப் பெட்டியைவிட, காற்று தாராளமாக நுழையும் வலை முகப்புப் பெட்டியை வாங்கச் சொல்வேன். பார்க்க அழகாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வலையில் படியும் தூசியை அவ்வப்போது துடைக்கவும் வேண்டும்.

ரேம் பற்றியும் சேமிப்பகம் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம். 32 ஜிகாபைட் ரேம் வேண்டுமென்றால் ஒரே துண்டாக வாங்காமல் 16 வீதம் இரண்டாக வாங்குவது நல்லது. தரவு இரண்டு பாதைகளில் செல்லும். 6000 என்று எழுதியிருக்கும் டிடிஆர்5 ரேம், தாய்ப்பலகையின் அமைப்புகளில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற தெரிவை இயக்கும்வரை பெரும்பாலும் 4800 வேகத்திலேயே ஓடும். இது தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். சேமிப்பகத்திற்குப் பழைய சுழலும் வட்டை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறினால் வித்தியாசம் உடனே தெரியும். நல்ல எஸ்எஸ்டியிலிருந்து மிக விலை உயர்ந்த எஸ்எஸ்டிக்கு மாறினால், விளையாட்டு தொடங்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

"வரைகலை அட்டையில் சிக்கனம் பிடித்தால் அதை எப்படி உயர்செயல்திறன் கணினி என்று சொல்வது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் பதில் இது: கணினியில் மிக எளிதாக மாற்றக்கூடிய உறுப்பு வரைகலை அட்டை. ஒரு திருகாணியையும் ஒரு கம்பியையும் கழற்றினால் வேலை முடிந்தது. பழையதை விற்கவும் செய்யலாம். மின்வழங்கியை மாற்றுவதென்றால் எல்லாக் கம்பிகளையும் பிரிக்க வேண்டும். பெட்டியை மாற்றுவதென்றால் கணினியையே மீண்டும் உருவாக்க வேண்டும். புதிய வரைகலை அட்டைகள் வந்துகொண்டே இருக்கின்றன. பழையவற்றின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. நல்ல பெட்டியும் மின்வழங்கியும் அடுத்த கணினிக்கும் உடன் வரும். தாய்ப்பலகையும் இப்படித்தான். 2017ஆம் ஆண்டில் ஏஎம்4 வகைப் பலகையை வாங்கியவர்களில் பலர், 2022ஆம் ஆண்டில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியை அதே பலகையில் பொருத்த முடிந்தது. பலகையின் மென்பொருளைப் புதுப்பித்ததைத் தவிர வேறு எதையும் அவர்கள் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஆகவே, அந்த மாணவி இன்று நடுத்தர வரைகலை அட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, தேவை இருந்தால், அதை மட்டும் மாற்றலாம்.

வாங்கும் செலவோடு கணக்கு முடிவதில்லை. 500 வாட் இழுக்கும் கணினியை நாள்தோறும் நான்கு மணிநேரம் இயக்கினால் மாதத்திற்கு 60 அலகு மின்சாரம். ஓர் அலகு 30 காசு என்று கொண்டால் 18 வெள்ளி. கணினி வெளியிடும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டியும் கூடுதலாக உழைக்கும். யானையைக் கட்டுபவர் தீனிக்கும் வழி பார்க்க வேண்டும் அல்லவா? பல வீடுகளில் யானை பிள்ளையுடையது, தீனி அப்பாவுடையது. வாங்கும் முன்பே இந்த 18 வெள்ளியைப் பற்றி அவரிடம் பேசிவிடுவது வீட்டின் அமைதிக்கு நல்லது.

கடைக்குச் செல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொத்தமாக ஒரு விலை கேட்டால், சில கடைகளில் உறுப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதித் தருவார்கள். மையச் செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் தயாரிப்பாளர் பெயரும் மாதிரி எண்ணும் தெளிவாக இருக்கும். கடைசி வரியில் மட்டும் 'மின்வழங்கி, 750 வாட்' என்று இருக்கலாம். எந்த நிறுவனத்துடையது, எந்த மாதிரி, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை அந்த வரியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால், நன்றி சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போங்கள். அதே மாடியில்தான் இருக்கும்.