அறுத்தெடுத்த குடல்வாலைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது

குடல்வால் அறுவை முடிந்ததும் தியேட்டர் வாசலில் காத்திருக்கும் உறவினரைக் கூப்பிட்டு, டிரேயில் வைத்த சதைத்துண்டைக் காட்டுவது நம் ஊர் வழக்கம். "இதுதான், எடுத்தாச்சு." அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அது ஃபார்மலின் புட்டியில் பெத்தாலஜி ஆய்வகத்துக்குப் போகவேண்டும். யாருடையதானாலும், பார்வைக்கு எப்படி இருந்தாலும் போகவேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. அகற்றப்படும் குடல்வால்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில் கட்டி (டியூமர்) இருக்கிறது. பல நேரங்களில் ஸ்கேனுக்கும் அறுவை மருத்துவரின் கண்ணுக்கும் தப்பி, நுண்ணோக்கியில்தான் அது பிடிபடுகிறது.

குடல்வாலை அகற்றாமலே விட்டுவிடுவதும் உண்டு. குடல்வாலில் சீழ்க்கட்டியோடு வருகிறவருக்கு ஆன்டிபயாடிக்கில் நோய் தணிந்துவிட்டால், அறுவையே வேண்டாம் என்று அனுப்பிவிடும் போக்கு உண்டு. பின்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படித் தணிந்த 60 பேரில் ஒரு பாதிக்கு அறுவை, மறுபாதிக்கு எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு என்பது திட்டம். கட்டிகள் எதிர்பாராத அளவு தென்பட்டதால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். 2019இல் வெளியான முடிவின்படி 12 பேருக்குக் கட்டி. அத்தனை பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். சின்ன ஆய்வுதான். ஆனாலும், 40 கடந்தவருக்குச் சீழ் வடிந்தபின் குடல்வாலை அகற்றிவிடுவதே சரி என்கிறோம்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. ரிப்போர்ட்டில் 'கார்சினாய்டு' என்ற வகைக் கட்டியைக் கண்டதும் வலப்பக்கப் பெருங்குடலையும் வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி முழுமையாக வெளியே வந்திருந்தால் பொதுவாக அதுவே போதும். இரண்டைத் தாண்டினால் பெரிய அறுவை. இடைப்பட்ட அளவிலும் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை என்று 2023இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியிருக்கிறது.

கோழை நிறைந்து பருத்த குடல்வால் வேறு கதை. அது கிழிந்தால் உள்ளிருக்கும் செல்கள் வயிறெங்கும் பரவி, ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதைக் கிழியாமல் பைக்குள் போட்டு எடுக்கவேண்டும். வயிற்றுக்குள் கோழை ஏற்கெனவே பரவியிருந்தால், கையில் கிடைத்ததை வெட்டிக்கொண்டிராமல், கொஞ்சம் மாதிரி எடுத்துக்கொண்டு, வயிற்று உள்ளுறை அறுவையும் சூடான கீமோவும் செய்து பழகிய மையத்துக்கு அனுப்புவதே நோயாளிக்கு நல்லது. இங்கிலாந்து இதற்கென்றே பேசிங்ஸ்டோக்கிலும் மான்செஸ்டரிலும் மையங்கள் வைத்திருக்கிறது.

எடுத்த குடல்வால் தவறாமல் ஆய்வகத்துக்குப் போகவேண்டுமானால், காப்பீட்டுத் தொகுப்புகளில் பயாப்ஸிக் கட்டணத்தைத் தனியே குறிப்பிடவேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாதிரியின் எண்ணும் ரிப்போர்ட் வரும் தேதியும் இருக்கவேண்டும். தையல் பிரிக்க வரும் நாளில் அந்த ரிப்போர்ட்டை மருத்துவரே நோயாளிக்குப் படித்துச் சொல்லவேண்டும்.