செட்டோடு மாற்றுவதற்கு முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். ரேடியோவைப் போட்டதும் மட்கார்டிலிருந்து தானாக மேலே எழுந்து, நிறுத்தியதும் தானாக உள்ளே போகுமே ஒரு கம்பி, அதுதான் பவர் ஆன்டெனா. 1980, 90களில் வந்த பென்ஸ், ஹோண்டா அக்கார்டு, டொயோட்டா கேம்ரி போன்ற கார்கள் பலவற்றில் கம்பெனியே இதைப் பொருத்தி அனுப்பியது. நம் ஊரில் அம்பாசிடர், கான்டெஸா வைத்திருந்தவர்கள் கார் அலங்காரக் கடையில் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கல்யாண வீட்டு வாசலில் கார் வந்து நின்றால் அந்தக் கம்பி ஏறி இறங்குவதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடும்.

இந்த ஆன்டெனா பழுதானால் இன்று பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "செட்டோட மாத்திடுங்க சார்." பல நேரங்களில் அது தேவையே இல்லை. அப்படி ஒரு பதில் வருவதற்கு மெக்கானிக்கைவிட வண்டி வைத்திருக்கும் நாம்தான் அதிகக் காரணம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எட்டாம் வகுப்பில் பேட்டரி, ஒயர், பல்பு வைத்து மின்சுற்று நடத்தினேனே, அந்த அறிவு போதும்.

மட்கார்டுக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார். அதனோடு ஒரு பல்சக்கரம். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழல்களால் ஆன கம்பியின் உள்ளே, ஒரு பக்கம் பல் வெட்டிய நைலான் கயிறு ஓடுகிறது. பல்சக்கரம் சுற்றும்போது அந்தக் கயிற்றை மேலே தள்ளும், கம்பி எழும். எதிர்ப்பக்கம் சுற்றினால் கயிறு உள்ளே சுருண்டுகொள்ளும், கம்பி இறங்கும். ரேடியோவைப் போட்டதும் அதிலிருந்து ஒரு தனி ஒயரில் 12 வோல்ட் வருகிறது. அதுதான் 'எழுந்திரு' என்ற உத்தரவு. அந்த 12 வோல்ட் நின்றால் 'இறங்கு' என்று பொருள்.

ஆக இதில் நாலு பகுதிகள்: உத்தரவு கொண்டுவரும் ஒயர், மோட்டார், நைலான் கயிறு, குழல் கம்பி. பழுது பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் வருகிறது. கம்பி வெளியே நிற்பதால் மரக்கிளையிலும் ஷெட் கூரையிலும் இடிபட்டு வளைகிறது. தூசி அடைத்துக்கொள்கிறது. கம்பி சிக்கினாலும் மோட்டார் தள்ளுவதை விடாது. நைலான் பல் தேய்ந்து, ஒருநாள் கயிறு அறுந்துவிடும். அப்போது மோட்டார் நல்ல மோட்டார்தான்.

பழுது எங்கே என்று காதாலேயே பாதி கண்டுபிடிக்கலாம். ரேடியோவைப் போட்டுவிட்டு மட்கார்டு பக்கம் நின்று கேளுங்கள்.

1. சத்தமே இல்லை என்றால், முதலில் பியூஸ், பிறகு ஒயர், எர்த் இணைப்பு. கடைசியாகத்தான் மோட்டார்.

2. மோட்டார் ஓடுகிறது, கம்பி அசையவில்லை என்றால், நைலான் கயிறு அறுந்திருக்கிறது அல்லது அதன் பல் போய்விட்டது.

3. பாதி வரை வந்து 'கட கட' என்று நின்றால், கம்பி வளைந்திருக்கிறது அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது.

4. கம்பி ஒழுங்காக ஏறி இறங்குகிறது, ஆனால் ரேடியோ இரைகிறது என்றால், ஆன்டெனாவிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கேபிளையும், ஆன்டெனா பாடியோடு சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பழைய ரேடியோவை எடுத்துவிட்டுப் புது ஸ்டீரியோ மாட்டியதிலிருந்து ஆன்டெனா எழவில்லை என்று சிலர் சொல்வார்கள். வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் ஆன்டெனாவுக்கென்று பெரும்பாலும் ஒரு நீல ஒயர் இருக்கும். அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருப்பார்கள். சில ஸ்டீரியோக்களில் ரேடியோ பாடும்போது மட்டும்தான் அந்த ஒயரில் மின்சாரம் வரும், பென் டிரைவில் பாட்டுப் போட்டால் வராது. அங்கே பழுது என்று எதுவுமே இல்லை. ஆனால் அதற்கும் புது செட்டு விற்பனையாகியிருக்கிறது.

போன மாதம் என் அக்கா வீட்டு அம்பாசிடரில் நடந்ததைச் சொல்கிறேன். மாமா 1994இல் ஆசையாக வாங்கிய வண்டி. அம்பாசிடர் தயாரிப்பே 2014இல் நின்றுவிட்டது. மாமா இன்னும் அதை விடுவதாக இல்லை. ஆன்டெனா பாதியில் நின்றுவிட்டது. ரேடியோவை நிறுத்தினாலும் உள்ளே போகவில்லை, மோட்டார் மட்டும் கர்ரென்று ஓடி நிற்கிறது. ஒரு கடையில் காட்டியிருக்கிறார். திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போச்சு சார், புது செட்டு 2,800 ரூபா" என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா மகனோ, "மாமா, நீங்களாவது அப்பாகிட்டச் சொல்லுங்க. அத வெட்டி விட்டுட்டு ஓட்டைய அடைச்சிடலாம். இப்ப யாரு ரேடியோ கேக்குறா?" என்றான்.

ஓடும் சத்தம் கேட்கிற மோட்டார் எப்படிப் போயிருக்கும்? என்னிடம் படித்து, இன்று ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ஒரு மாணவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். மேலே இருக்கும் நட்டைக் கழற்றினார். என்னை ரேடியோவைப் போடச் சொல்லிவிட்டு, கம்பியை நேராக மேலே இழுத்தார். கம்பியோடு வந்த நைலான் கயிற்றின் முனை பிய்ந்திருந்தது. "சார், மிச்சத் துண்டு உள்ள கிடக்கு. அத எடுக்காம புதுசு போட்டா மறுபடியும் சிக்கும்" என்றார். செட்டைக் கழற்றி மூடியைத் திறந்ததும் ஒரு சாண் நீளத் துண்டு சுருண்டு கிடந்தது. உள்ளே காய்ந்த சேறு. தண்ணீர் வடிவதற்கு அடியில் இருக்கும் சின்னக் குழாய் அடைத்திருந்தது.

அதையெல்லாம் துடைத்து மறுபடி பூட்டினார். புதுக் கம்பியின் நைலான் கயிற்றை, பல் இருக்கும் பக்கம் சக்கரத்தைப் பார்க்கும்படி உள்ளே விட்டு, "இப்ப ரேடியோவ நிறுத்துங்க சார்" என்றார். மோட்டாரே கயிற்றை இழுத்துக்கொண்டது. கம்பி மெல்ல உள்ளே இறங்கியது. நட்டை இறுக்கினார். கயிறோடு சேர்ந்த கம்பி 700 ரூபாய், கூலி 500. மொத்தம் 1,200. புது செட்டோடு ஒப்பிட்டால் மிச்சம் 1,600 ரூபாய். நல்ல மோட்டார் ஒன்று குப்பைக்குப் போகாமல் தப்பியது.

அன்று அந்த மாணவர் சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

"சார், எல்லா வண்டியிலயும் இப்படிப் பிரிச்சுப் பாக்க எனக்கும் ஆசைதான். ஒரு மணி நேரம் உக்காந்து பழுதைக் கண்டுபிடிச்சா, 'ரெண்டு ஸ்க்ரூதான கழட்டுன, இதுக்கு ஐநூறா?'ன்னு கேக்குறாங்க. அதே ஆளு, புது செட்டு போட்டா 2,800 ரூபா பில்லுக்கு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அப்ப நான் எதைச் சொல்லணும் சார்?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நியாயம். அட்டைப்பெட்டியில் வரும் பொருளுக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். அறிவுக்கும் கை வேலைக்கும் கொடுக்கும்போது கணக்குப் பார்க்கிறோம். டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை, மருந்து வேண்டாம்" என்று சொன்னாலும் ஃபீஸ் வைத்துவிட்டு வருகிறோம். மெக்கானிக் "ஒன்றுமில்லை, பியூஸ்தான்" என்று சொன்னால் பியூஸுக்கு மட்டும் காசு கொடுக்கிறோம். பழுது பார்த்தால் நஷ்டம், பொருள் விற்றால் லாபம் என்ற நிலையை ஏற்படுத்திவிட்டு, "இந்தக் காலத்தில் யாருக்கும் ரிப்பேர் பண்ணத் தெரியவில்லை" என்று குறை சொல்கிறோம். தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இப்படியே போனால் இவர் தன் கடைப் பையனுக்கு மாற்றுவதை மட்டும்தான் கற்றுக்கொடுப்பார். பிரித்துப் பார்க்கும் வித்தை இவரோடு நின்றுவிடும்.

"இப்ப யாரு ரேடியோ கேக்குறா?" என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் போன் சிக்னல் போன பிறகும் கொடைக்கானல் வானொலி 100.5இல் பாடிக்கொண்டுதான் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்டும் இல்லை, போன் டவரும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கார் பேட்டரியில் பாடும் ஒரு ரேடியோ வீட்டுக்கே செய்தி சொல்லும். அந்தக் கம்பியின் நீளமும் சும்மா வைத்ததல்ல. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 செ.மீ. எஃப்.எம். கேட்பதற்கு ஏறக்குறைய அந்த நீளம் வேண்டும். பாதியில் நிற்கும் கம்பி இரைச்சலாகப் பாடுவது அதனால்தான்.

எல்லாவற்றையும் ரிப்பேர்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. தண்ணீர் புகுந்து மோட்டார் சுருள் கருகியிருந்தால், உள்ளே பல்சக்கரம் உடைந்திருந்தால் செட்டை மாற்றுவதுதான் சரி. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய செட்டு தேடிப் பார்க்கலாம். கையால் இழுத்துவிடும் சாதாரண ஆன்டெனா போதும் என்றால் அதுவும் நல்ல முடிவே. எதைச் செய்தாலும் பிரித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

உலகமும் மெல்ல இந்தப் பக்கம் திரும்புகிறது. பிரான்ஸில் மொபைல், லேப்டாப், டி.வி. போன்ற பொருட்களுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று 10க்கு மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்ற சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் மத்திய அரசும் 2022 டிசம்பர் 24 அன்று 'பழுது பார்க்கும் உரிமை'க்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு. நல்ல விஷயம். ஆனால் கூலி கொடுக்க நமக்கு மனம் வராவிட்டால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது?

என் வேண்டுகோள் மூன்று பேருக்கு.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: கடைக்குப் போனதும் "பழுது என்னன்னு பாத்துச் சொல்லுங்க, பாக்குறதுக்கு இவ்வளவு தர்றேன்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். மாற்றினால் பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை கம்பியை முழுதாக எழுப்பி உலர்ந்த துணியால் துடையுங்கள். கிரீஸ் தடவாதீர்கள், தூசி ஒட்டும். வண்டியைக் கழுவும் முன்னும், ஷெட்டில் விடும் முன்னும், உறை போடும் முன்னும் ரேடியோவை நிறுத்துங்கள்.

பட்டறை, கடை வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு: பில்லில் பொருள் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் எழுதுங்கள். கூலியைப் பொருள் விலையில் ஒளித்து வைக்காதீர்கள். வாங்குபவர் முகம் சுளித்தால், அறுந்த துண்டைக் கையில் கொடுத்து விளக்குங்கள். நீங்களும் ஒரு வகையில் வாத்தியார்தான்.

கம்பெனிகளில் வடிவமைப்பு வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு: தேயும் உறுப்பைத் தனியாகக் கழற்றும்படி செய்யுங்கள், தனியாக விற்கவும் சொல்லுங்கள். அந்த ஆன்டெனாவை வடிவமைத்த யாரோ ஒருவர், கம்பியை மட்டும் மாற்றும்படி மேலே ஒரு நட்டு வைத்திருந்தார். அந்த ஒரு நட்டினால்தான் எங்கள் வேலை 1,200 ரூபாயில் முடிந்தது.

உங்கள் ஊரில் பொறுமையாகப் பிரித்துப் பார்த்துச் சொல்லும் மெக்கானிக் யாராவது இருந்தால், அவர் சம்மதத்தோடு கடை இருக்கும் இடத்தைக் கீழே எழுதுங்கள். நம் ஆட்களுக்கு உதவும், அவருக்கும் நாலு வேலை வரும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்.