பேய்க்கு வேஷம் தைக்கிறது யாரு?

மலையகத்துல ஒரு மாணவர் குழு "மாயாஜாலப் படம் எடுக்கப் போறோம்"னு சொன்னா ரெண்டு கேள்வி உடனே வரும். ஒண்ணு, "இதுல நம்ம மக்கள் பிரச்சினை எங்க?" இன்னொண்ணு, "கிராபிக்ஸுக்கு காசு எங்க?" கேட்டே ஆகவேண்டிய மூணாவது கேள்வியை யாரும் கேக்குறதில்ல: "வேலை செய்ய யாரெல்லாம் இருக்கீங்க?" கேட்டாலும் பதில் இருக்காது. ஒரு இயக்குநர் இருப்பார், ஒரு கதாநாயகன் இருப்பார், கேமரா வெச்சிருக்கிற ஒரு நண்பன் இருப்பான். மிச்சப் பேரெல்லாம் 'உதவி'.

முதல் கேள்வியைக் கொஞ்சம் கவனிச்சுட்டுப் போவோம், ஏன்னா அது நம்ம பசங்க பல பேரை ஆரம்பத்துலயே நிப்பாட்டிருது. நமக்குத் தெரிஞ்ச ஒரு குழு குறும்படப் போட்டி ஒண்ணுக்கு ஒரு கதை அனுப்பிச்சு. பீலிக்கரையில தண்ணி பிடிக்கப் போற பிள்ளைக்குத் தண்ணிக்குள்ள இருந்து ஒரு குரல் பேசும். நடுவர்ல ஒருத்தர் கேட்டாராம், "தம்பி, சம்பளப் பிரச்சினையை எங்கயாவது உள்ள சேக்க முடியுமா?" கேட்டவர் கெட்டவர் இல்ல. நம்ம சினிமா வந்த வழி அது. இலங்கையில 35 மி.மீ.ல எடுத்த முதல் தமிழ்ப் படமான 'தோட்டக்காரி' (1963) தோட்ட வாழ்க்கையைத்தான் கதையாக்கிச்சு. வீ. பி. கணேசன் தயாரிச்சு நடிச்ச 'புதிய காற்று' (1975) தொழிலாளர் படம். அதுக்கு எழுதினவர் தெளிவத்தை ஜோசப். அந்தப் படங்கள் வந்திருக்காட்டி நம்ம முகம் திரையில வந்திருக்காது. அதுக்காக அறுபது வருஷம் கழிச்சும் நம்ம பிள்ளைங்க கேமராவைத் தூக்கினா துயரத்தை மட்டும்தான் எடுக்கணும்னு சட்டமா என்ன?

இதுல எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. இறம்பொடைக்கு வர்ற சுற்றுலா வேன்ல பாதி எதுக்கு வருது? அனுமார் சீதையைத் தேடி வந்த இடம்னு சொல்லித்தான். வேவண்டன் மலையில சின்மயா மிஷன் கட்டின அனுமார் கோயில், அந்தப் பக்கம் போனா சீத்தாஎலிய அம்மன் கோயில், எல்லாம் 'இராமாயணச் சுற்றுலா'ங்கிற பேர்ல விக்குது. பறக்கிற குரங்கு, பத்துத்தலை ராஜா, பூமிக்குள்ள மறையிற ராணி. இதைவிடப் பெரிய மாயக்கதை உலகத்துல எங்க இருக்கு? வெளியாளுக்கு இந்த மலை மாயலோகம், இங்க பிறந்தவனுக்கு மட்டும் ஆவணப்படம். இது நியாயமாப் படல.

சரி, காசு. இதுக்கு நிஜமா நடந்த ஒரு கதை இருக்கு.

1965ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா. பசடீனா சிட்டி கல்லூரியில வணிகம் படிச்சுக்கிட்டிருந்த டென்னிஸ் முரென்ங்கிற பையன் நண்பர்களோட ஒரு மாயப் படம் ஆரம்பிக்கிறான். பேரு 'ஈக்வினாக்ஸ்'. கல்லூரிப் பிள்ளைங்க நாலு பேர் காணாமப் போன பேராசிரியரைத் தேடி மலைக்குப் போறாங்க, கையில ஒரு பழைய மந்திரப் புத்தகம் கிடைக்குது, அப்புறம் ஒவ்வொண்ணா பூதம் வருது. கதை அவ்வளவுதான், உண்மையில சுமார் கதைதான். 16 மி.மீ. பிலிம்ல, ஏறக்குறைய 6,500 டாலர்ல எடுத்தது. கணினி கிராபிக்ஸ்னு ஒண்ணு அப்ப அவங்க கைக்கு எட்டுற தூரத்துலயே இல்ல.

அந்தக் குழுவைப் பாருங்க. மார்க் மெக்கீ எழுத்து. டேவ் அலன் பொம்மை அசைப்பு. ஒரு பூத பொம்மையை மயிரளவு நகர்த்தணும், ஒரு படம் பிடிக்கணும், திரும்பவும் நகர்த்தணும். திரையில ஒரு செக்கனுக்கு 24 படம் ஓடும், அப்போ பூதம் பத்து செக்கன் நடக்கணும்னா 240 தடவை பொம்மையைத் தொடணும். நடுவுல யாராவது மேசையில மோதிட்டா போச்சு. ஜிம் டான்ஃபோர்த் கைகொடுத்தது ஓவியத்துல. இல்லாத இடத்தை வரைஞ்சு, நிஜமா எடுத்த காட்சியோட ஒட்டவைக்கிற வேலை. இவங்கள்ல யாரும் 'உதவி' கிடையாது. இவங்க இல்லன்னா அந்தப் படத்துல நாலு பேர் காட்டுக்குள்ள ஓடுறதைத் தவிர வேற ஒண்ணும் இருந்திருக்காது.

அந்த முரென் பின்னாடி 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்துல வேலைக்குச் சேர்ந்தார். 'ஈ.டி.', 'ஜுராசிக் பார்க்'னு நாம வாயைப் பிளந்து பார்த்த படங்களுக்கு ஆஸ்கர் வாங்கினார்.

ஆனா நான் சொல்லவந்தது அந்த ஆஸ்கரை இல்ல. படத்தை ஜாக் ஹாரிஸ்னு ஒரு தயாரிப்பாளர் வாங்கினார். ஜாக் வுட்ஸ் என்பவரை வெச்சுக் கூடுதல் காட்சிகள் எழுதி எடுத்து, நீட்டி, 1970ல தியேட்டருக்கு விட்டார். அந்தப் பிரதியில இயக்கம்னு வந்த பேரு வுட்ஸ். படத்தைத் தொடங்கின பையனுக்குக் கிடைச்சது 'இணைத் தயாரிப்பாளர்'. மாணவர் எடுத்த பழைய பிரதியும் தியேட்டர் பிரதியும் ஒண்ணா டிவிடியில வந்தது 2006ல. யார் என்ன செஞ்சாங்கன்னு சனம் ஒழுங்காப் பார்க்க முப்பத்தாறு வருஷம். வேலை ஒருத்தர், பேரு இன்னொருத்தர். தேயிலைப் பெட்டியில யார் பேரு இருக்கும், கொழுந்து யார் பறிச்சாங்கன்னு தெரிஞ்ச நமக்கு இது புதுசா என்ன?

தமிழ்ல இதுக்குக் கிட்டவா வர்றது 'ஊமை விழிகள்' (1986). மாயக்கதைன்னு சொல்ல முடியாது, திகில் படம். சென்னை திரைப்படக் கல்லூரியில படிச்சவங்க கூட்டமாச் சேர்ந்து எடுத்தது. கதையும் தயாரிப்பும் ஆபாவாணன், இயக்கம் அரவிந்தராஜ், ஒளிப்பதிவு ரமேஷ்குமார். கல்லூரிப் பசங்களுக்குக் கலைப்படம்தான் வரும், தியேட்டர்ல ஓடாதுன்னு இருந்த பேச்சை சினிமாஸ்கோப்ல உடைச்சாங்க. நான் கவனிச்சது வேற. அடுத்த வருஷம் வந்த 'உழவன் மகன்'லயும் அதே ஆபாவாணன், அதே அரவிந்தராஜ். ஒரு படம் எடுத்து முடிஞ்சும் குழு சிதறல. நம்ம பக்கம் ஒரு குறும்படம் முடிஞ்சா குழுவுக்குள்ள பேச்சுவார்த்தையே நின்னுபோகுது, பெரும்பாலும் போஸ்டர்ல யார் பேரு பெருசுங்கிற சண்டையில.

'மாயாபஜார்' (1957) பார்த்திருப்பீங்க. ரங்காராவ் கடோத்கஜனா உக்காந்திருக்க, லட்டு தானாப் பறந்து வாய்க்குள்ள போகும். ரங்காராவைத் தாத்தா பாட்டியில இருந்து எல்லாருக்கும் தெரியும். அதைக் கேமராவில பிடிச்ச மார்கஸ் பார்ட்லியை எத்தனை பேருக்குத் தெரியும்?

இனி நம்ம ஊருக்கு வர்றேன். மாயக்கதை எடுக்க ஆள் இல்லன்னு சொல்றவங்க மாசி மாசம் எங்க போயிருந்தாங்கன்னு தெரியல. காமன் கூத்து முழுக்க முழுக்க ஒரு மாயப் படம். மன்மதன் அம்பு விடுறான், சிவன் நெற்றிக் கண்ணைத் திறக்கிறார், மதன் எரியிறான், ரதி அழுறா, நடுவுல வீரபத்திரனும் எமனும் தீப்பந்தத்தோட இறங்குறாங்க. சின்னப் பிள்ளைங்க பயத்துல அம்மா முந்தானைக்குள்ள. இதைப் பரம்பரை பரம்பரையா ஒரு தோட்டத்து ஆட்களே செஞ்சுட்டு வர்றாங்க. மாஸ்டர் ஒருத்தர், தப்பு அடிக்கிறவங்க, அரிதாரம் பூசுறவர், சரிகைத்தாள் ஒட்டிக் கிரீடம் செய்றவர், உடுப்பு தைக்கிறவர், வெளிச்சத்துக்கு ஒருத்தர், விடிய விடிய தேத்தண்ணி ஊத்துற ஒருத்தர். படக்குழுன்னா இதுதானே? கிரீடம் யார் செய்வா, எமன் எந்தப் பக்கத்துல இருந்து வருவான்னு தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். இந்தக் கைகளை விட்டுட்டு யூடியூப்ல வி.எஃப்.எக்ஸ். பாடம் பார்த்துக்கிட்டு இருக்கோம். அதுவும் பாருங்க, வேணாங்கல. ஆனா பேய்க்கு உடுப்பு தைக்க நாலாம் நம்பர் லயத்து அக்காகிட்ட போங்க. கொழுந்து எடுக்கும்போது இடுப்புல கட்டுற படங்கு பழசாப் போனதை நாலு சேர்த்துத் தைச்சா எந்தப் பூதத்துக்கும் தோல் ரெடி.

இறம்பொடையில எடுக்கிறதுன்னா இன்னும் சில வேலைகளுக்கு ஆள் கட்டாயம் வேணும். பிற்பகலானா மூடுபனி இறங்கிரும். மாயப் படத்துக்கு அது இலவசமா வர்ற ஸ்டூடியோ, ஆனா அது நம்ம சொல்லு கேக்காது. ஒரு காட்சியில பாதி வெயில், பாதி பனி வந்தா மந்திரம் உடைஞ்சிரும். அதனால கொப்பியும் கையுமா நின்னு, எந்த ஷொட் எத்தனை மணிக்கு, பனி எந்த மரம் வரைக்கும், யார் தலைமுடி எந்தப் பக்கம்னு எழுதிக்கிட்டே இருக்க ஒரு ஆள் வேணும். பொறுமையான ஆளா இருக்கணும், கேமராமேன் திட்டினாலும் எழுதுற ஆள். அடுத்தது சத்தம். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்துல வசனம் பேசினா ஒண்ணும் கேக்காது, இரைச்சல்தான் கேக்கும். வசனத்தைப் பிறகு ஒரு காம்பராவுக்குள்ள கம்பளியைத் தொங்கவிட்டுப் பதிவு பண்ணணும். மழை விழுற தகரத்துக்குக் கீழ இல்லாம. சத்தத்துக்குன்னு ஒருத்தர் இல்லாத மாயப் படம் பாதிப் படம்னு நான் அடிச்சுச் சொல்வேன், ஏன்னா பூதத்தைக் காட்டுறதைவிட அதோட மூச்சைக் கேக்க வைக்கிறது மலிவு.

தங்கச்சிமார் பிரச்சினை ஒண்ணு இருக்கு. ராக்காட்சின்னதும் வீட்டுல விடமாட்டாங்க, அதனால குழுவே ஆம்பளைப் பசங்க குழுவா முடியுது. பழைய சினிமாவுல இதுக்கு வழி இருக்கு. பகல்லயே எடுப்பாங்க. வானம் படத்துக்குள்ள வராம, வெளிச்சத்தைக் குறைச்சு எடுத்து, பிறகு நீல நிறம் ஏத்தினா இராத்திரி. அஞ்சு மணிக்கு எல்லாரும் வீட்டுல. இது தெரியாமத்தான் பல குழு பாதித் திறமையை வாசல்லயே விட்டுட்டு வருதுன்னா எனக்குக் கோவம் வருமா வராதா?

அனுமதி வாங்க ஒரு ஆள். தேயிலை மலைக்குள்ள எடுக்கிறதுன்னா முன்கூட்டியே துரைக்குக் கடிதம் கொடுக்கணும். வாய் இனிக்கப் பேசுற ஆளை இதுக்குப் போடுங்க, கோவக்கார இயக்குநரை அனுப்பாதீங்க.

கடைசியில ஓடுற பேர்ப்பட்டியலை முதல்லயே எழுதிருங்க, திரைக்கதைக்கும் முன்னாடி. ஒரு தாள்ல வேலை, பக்கத்துல பேரு. எழுதும்போதே எந்த வேலைக்கு ஆள் இல்லன்னு தெரிஞ்சிரும். 'நன்றி'ங்கிற தலைப்புக்குக் கீழ பத்துப் பேரைக் கொட்டிவிடாம உடுப்பு, அரிதாரம், கிரீடம், தப்பு, சமையல்னு செஞ்ச வேலையோட பேரைப் போடுங்க. அந்த அக்கா தன் பேரைத் தன் பிள்ளையோட போன்ல நிப்பாட்டிப் பார்க்கிற அளவுக்கு எழுத்து பெருசா இருக்கட்டும். போட்டிக்கு அனுப்பும்போது அதை வெட்டச் சொன்னா, ஒரு சண்டைக் காட்சியை வெட்டிக்குங்க.

அப்புறம், ஷூட்டிங் பையில உப்பு கொஞ்சம் போட்டுக்குங்க. பூதம் வேஷம் போட்டவன் கால்ல அட்டை ஏறினா அவன் கத்துற கத்து வசனத்துல சேராது.