கொல்கத்தா வயர்லெஸ் கண்ட்ரோல் ரூம்களுக்கான கோரிக்கைச் சாசனம்

மேற்கு வங்க அரசுக்கும், கொல்கத்தாவில் கண்ட்ரோல் ரூம் நடத்தும் காவல், தீயணைப்பு, துறைமுக, மெட்ரோ நிர்வாகங்களுக்கும்:

லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழர்கள் நாங்கள். எங்களில் சிலர் வயர்லெஸ் பழுதுபார்த்தே குடும்பம் நடத்தியவர்கள். 2010 மார்ச் 23 அன்று பார்க் ஸ்ட்ரீட்டின் ஸ்டீபன் கோர்ட் எரிந்து 43 பேர் மாண்டார்கள். 2011 டிசம்பர் 9 விடியுமுன், எங்கள் பகுதியின் ஏரிக்கு அப்பால், தாகுரியாவின் ஆம்ரி மருத்துவமனையில், தரைக்குக் கீழுள்ள தளத்தில் கிளம்பிய தீயின் புகை சுமார் 90 உயிர்களைக் குடித்தது. அவற்றுக்கு வயர்லெஸ்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அப்படியொரு வேளையில் ஒரே சேனலில் பல வண்டிகள் பேசும். அதில் ஒரு சொல்கூடத் தவறக் கூடாது.

ஒரே தள வயர்லெஸ் கருவியோடு இரண்டு மூன்று மேசைகளின் கன்சோல்களை இணையாகக் கட்டும்போது தொல்லை தொடங்குகிறது. ஒருவர் மைக்கை அழுத்திப் பேச, பக்கத்து ஸ்பீக்கரில் வரும் அதே குரலை மைக் திரும்பப் பிடித்து ஊளையிடும். ஊழியர் சலித்து ஒலியைக் குறைப்பார். பிறகு கூட்ட மறப்பார். அப்படி அரை மணி நேரம் செவிடாகக் கிடந்த மேசையை எங்களில் ஒருவர் நேரில் கண்டிருக்கிறார்.

ஆகவே ஸ்பீக்கரை அடக்கும் மியூட் ஆளின் கையில் இருக்கக் கூடாது, வயரிங்கில் இருக்க வேண்டும். ஒரு கன்சோலின் பேச்சுப் பொத்தானிலிருந்து ரிலே வழியாக மற்றவற்றின் மியூட் முனைக்குக் கம்பி போகட்டும். அழுத்தியதும் அந்தச் சேனல் மட்டும், ஸ்பீக்கரில் மட்டும் அடங்கட்டும். விட்டதும் தானே திறக்கட்டும். ஹெட்செட்டைத் தொட வேண்டாம். கையால் மியூட் செய்தே ஆகவேண்டிய இடத்தில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், சில நொடிகளில் ஒலி தானாகத் திரும்ப வேண்டும். கடலும் ஹூக்ளியுமாக 200 கிலோமீட்டருக்கு மேல் பைலட் துணையோடு ஏறிவரும் கப்பல்களுக்கான அறையில், ஆபத்து அழைப்புக்குரிய 16ஆம் சேனலைக் கையால் அடக்கும் பொத்தானே கூடாது.

கன்சோல்களைத் தளக் கருவியோடு இணைக்கும் லைனில் 600 ஓம் முடிவு மின்தடை ஒரே கன்சோலில்தான் இருக்க வேண்டும். மற்றவை உயர் மின்தடையோடு சேரட்டும். எல்லாவற்றிலும் 600 ஓம் போட்டால் குரல் தேயும். அதோடு போகாது: டோன் முறையில் தளக் கருவியை எழுப்பும் 2175 ஹெர்ட்ஸ் ஒலியும் சேர்ந்து தேயும். மேசையில் விளக்கு எரியும், காற்றில் ஒன்றும் போயிருக்காது. இதைவிடக் கொடிய பழுது எங்களுக்குத் தெரியாது.

மேற்பார்வையாளர் மேசைக்கு மற்ற மேசைகளின் பேச்சைத் தடுத்துச் சேனலைக் கைக்கொள்ளும் அதிகாரம் தேவை. பேச்சை மட்டுமே தடுக்கலாம், கேட்பதைத் தடுக்கக் கூடாது. கைக்கொண்ட கணமே எல்லா மேசைகளிலும் அது தெரிய வேண்டும், நேரத்தோடு பதிவாக வேண்டும். தான் பேசியது வெளியே போகவில்லை என்பதை அறியாமல் ஓர் ஊழியர் கத்திக்கொண்டிருப்பது அநீதி.

வயரிங் வரைபடம் வங்க மொழியில் அறையிலேயே தொங்கட்டும். ஒவ்வொரு பழுதுக்குப் பின்னும், ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் எல்லா மேசைகளின் பேச்சுப் பொத்தானையும் அழுத்திச் சோதித்துப் பாருங்கள்.

துர்கா பூஜை நெரிசலில் இந்த நகரம் முழுவதும் தெருவில் நிற்கும். இந்த ஆண்டு மகாலயாவுக்கு முன்பே ஒவ்வொரு அறையிலும் இந்தச் சோதனையை முடித்து, முடிவை மக்களுக்கு அறிவியுங்கள்.